சர்வருக்கு எந்த லினக்ஸ்?

கேள்வி: எங்கள் கம்பெனியில் 6 சர்வர்கள், எல்லாம் சென்ட்ஓஎஸ் 7 (ரெட் ஹாட் லினக்ஸைப் போலவே அமைந்த இலவச லினக்ஸ்). இப்போது யம் அப்டேட் கொடுத்தால் மிரர்லிஸ்ட் (பேக்கேஜ்களை எங்கிருந்து இறக்குவது என்ற பட்டியல்) கிடைக்கவில்லை என்று நின்றுவிடுகிறது. அக்கவுண்ட்ஸ் மென்பொருள் தந்தவர்கள் ரெட் ஹாட் வகைதான் வேண்டும் என்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையனோ உபுண்டு போடலாம் என்கிறான். எதைப் போடுவது?

பதில்: உங்கள் நெட்வொர்க்கில் கோளாறு இல்லை. சென்ட்ஓஎஸ் 7-இன் ஆயுள் 2024 ஜூன் 30-உடன் முடிந்துவிட்டது. மிரர்லிஸ்ட் இருந்த முகவரியையும் எடுத்துவிட்டார்கள். பழைய பேக்கேஜ்கள் 'வால்ட்' கிடங்கில் இருக்கின்றன, ஆனால் புதிய பாதுகாப்புத் திருத்தம் எதுவும் அங்கே வராது.

அதனால் நான் முதலில் பார்ப்பது முடிவுத் தேதியைத்தான். இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். டவ்காட் என்ற மெயில் மென்பொருளின் புதிய பதிப்பு கிடைக்கிறதே என்ற ஆசையில் ஒருமுறை மெயில் சர்வரில் ஃபெடோரா என்ற லினக்ஸைப் போட்டேன். அதன் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் சுமார் 13 மாதம். ஊரே விடுமுறையில் இருக்கும்போது நான் மெயில் சர்வரை அப்கிரேடு செய்துகொண்டிருந்தேன். ஃபெடோரா மேல் தப்பில்லை, அதை அங்கே கொண்டுபோய் வைத்தவன் நான்.

அடுத்து, அந்தத் தேதியை முடிவு செய்வது யார் என்று பாருங்கள். சென்ட்ஓஎஸ் 8 2029 வரை வரும் என்றிருந்தது. 2020 டிசம்பரில் அறிவித்து 2021 கடைசியோடு முடித்துவிட்டார்கள். அந்த இடத்தை நிரப்ப வந்த இலவச ரெட் ஹாட் வகைகள்தான் அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும். இரண்டின் 9-ஆம் பதிப்பும் 2032 மே வரை ஓடும். உபுண்டு 24.04 எல்டிஎஸ் (நீள்கால ஆதரவுப் பதிப்பு) சந்தா இல்லாமல் 2029 வரை. டெபியன் என்ற லினக்ஸ் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. நீள்கால ஆதரவையும் சேர்த்தால் ஒரு பதிப்புக்கு 5 வருடம். என் சொந்த சர்வரில் இருப்பது டெபியன்தான்.

ஆனாலும் உங்களுக்கு அல்மா 9 என்பேன், ஆறிலும். ஐந்தில் உபுண்டு, ஒன்றில் அல்மா என்று வைத்தால் பேக்கேஜ் நிறுவ ஆப்ட், டிஎன்எஃப் இரண்டையும், பாதுகாப்புக்கு ஆப்ஆர்மர், எஸ்இலினக்ஸ் இரண்டையும் ஒரே ஆள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பையன் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். அவன் வேலை மாறிப் போன பிறகு ராத்திரி ஃபோன் உங்களுக்குத்தானே வரும்? 10-ஆம் பதிப்புக்கு அவசரப்பட வேண்டாம். ரெட் ஹாட் 10 பழைய பிராசஸர்களில் ஏறாது, உங்கள் பெட்டிகளின் வயது எனக்குத் தெரியவில்லை.

'ரெட் ஹாட் வகை' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அல்மா 9-இல் பிரச்சினை வந்தால் பார்ப்பீர்களா என்று அக்கவுண்ட்ஸ் மென்பொருள் தந்தவர்களிடம் மெயிலில் கேளுங்கள். மழுப்பினால் அந்த மென்பொருள் ஓடும் ஒரு சர்வருக்கு மட்டும் ரெட் ஹாட் சந்தா வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. பாதுகாப்பு ஓட்டைகளை ஸ்கேன் செய்ய வருபவர்கள் "உங்கள் அப்பாச்சி (வெப் சர்வர் மென்பொருள்) பழைய பதிப்பு" என்று சிவப்பு மை தடவுவார்கள். இந்த வகை லினக்ஸில் பதிப்பு எண் அப்படியே இருக்கும், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் அதே பதிப்பில் சேர்ப்பார்கள். பேக்கேஜின் சேஞ்ச்லாக்கை (மாற்றப் பட்டியல்) திறந்தால் சரிசெய்த ஓட்டைகளின் சிவிஇ அடையாள எண்கள் இருக்கும், அதைக் காட்டுங்கள்.

7-இன் மேலேயே அப்கிரேடு செய்ய வழி உண்டு. நான் செய்ய மாட்டேன். பக்கத்தில் புதிதாக நிறுவி, பேக்கப்பிலிருந்து டேட்டாவை ஏற்றிப் பாருங்கள். பேக்கப் உண்மையிலேயே திறக்கிறதா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.