துப்பாக்கியை நீட்டிய அந்த மீசைக்காரர் யார்?

கேள்வி: எங்கள் நூலகத்தின் திரைப்பட வட்டத்தில், மௌனப் படக் காலத்து அமெரிக்க நடிகர் 'பிராங்கோ பில்லி' ஆண்டர்சனைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். 1903ஆம் ஆண்டு வந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' படத்தில், பார்வையாளரை நேராகப் பார்த்துச் சுடும் மீசைக்காரர் அவர்தான் என்று என் கணவர் உறுதியாகச் சொல்கிறார். அது சரியா? இன்னொன்று, அவருக்குக் குதிரையேற்றமே தெரியாது என்று படித்தேன். அப்படிப்பட்டவரைக் கௌபாய் நாயகர் என்று புகழ எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கணவர் சொல்வது பலரும் செய்கிற பிழைதான். நம்மைப் பார்த்துச் சுடுபவர் ஜஸ்டஸ் பார்ன்ஸ் என்ற நடிகர். ஆண்டர்சன் அதே படத்தில்தான் இருக்கிறார். ஆனால், தேடினால்தான் கண்ணில் படுவார். கொள்ளையர்கள் ரயிலை நிறுத்திப் பயணிகளைக் கைதூக்கி வரிசையாக நிற்க வைத்திருக்கும்போது, ஒருவர் மட்டும் வரிசையை விட்டுப் பிய்த்துக்கொண்டு கேமராவை நோக்கி ஓடி வருவார். முதுகில் குண்டு பாய்ந்து விழுவார். அவர்தான் ஆண்டர்சன். நடனக் கூடத்தில், காலடியில் சுட்டு மிரட்டப்பட்டு ஆடுகிற நகரத்து ஆளும் அவரே. கொள்ளையர் கூட்டத்திலும் ஒருவராக வருகிறார். நடிகர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் அப்போது இல்லை. சுமார் 12 நிமிடப் படத்தில் மூன்று வேடம் போட்டவரை எவரும் பெயர் சொல்லி அறிந்திருக்க வழியில்லை.

குதிரைச் செய்தியைத் தயவுசெய்து மறைக்காதீர்கள். நன்றாகக் குதிரை ஓட்டுவேன் என்று இயக்குநர் எட்வின் போர்ட்டரிடம் சொல்லி வேலை வாங்கியதையும், படப்பிடிப்புக்குப் போகும் வழியிலேயே குதிரை தம்மைக் கீழே தள்ளியதையும் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அவரே ஒளிக்காததை நாம் ஒளிக்கக் காரணமில்லை. அமெரிக்காவின் மேற்குப் பகுதிக் கதையைச் சொன்ன அந்தப் படமே நாட்டின் கிழக்கில், நியூ ஜெர்சிப் பக்கம் எடுக்கப்பட்டதுதான். ஆண்டர்சனும் மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர் அல்லர். 1880இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாக்ஸ்வெல் ஹென்றி ஆரன்சன் என்பது பெற்றோர் வைத்த பெயர். நாடக மேடையில் வாய்ப்புத் தேடி நியூயார்க் வந்து, அங்கிருந்து சினிமாவுக்குள் நுழைந்தார்.

நீங்கள் நெருடல் என்று நினைப்பதைத்தான் நான் அவருடைய பெருமையாகக் கருதுகிறேன். குதிரை ஏறத் தெரியாமல் விழுந்த அந்த மனிதர், பின்னர் ஏறக் கற்றுக்கொண்டு, கௌபாய் படம் என்ற அந்த ஒரே வகையை வாராவாரம் மக்கள் தேடி வரும் பண்டமாக ஆக்கிக் காட்டினார். 1907இல் ஜார்ஜ் ஸ்பூர் என்பவருடன் சேர்ந்து சிகாகோவில் படக் கம்பெனி தொடங்கினார். ஸ்பூரின் 'எஸ்', ஆண்டர்சனின் 'ஏ' இரண்டையும் சேர்த்து 'எஸ்ஸனே' என்று பெயர் வைத்தார்கள். ஸ்பூர் சிகாகோவில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள, ஆண்டர்சன் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு உண்மையான மலையும் பாறையும் தேடிக் கொலராடோவுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போனார். 1912இல் சான்பிரான்சிஸ்கோவுக்குத் தென்கிழக்கே உள்ள நைல்ஸ் என்ற சிற்றூரில் நிலையாகத் தங்கினார். ஊரையொட்டி மலைப் பள்ளத்தாக்கு, அதன் வழியே ரயில் பாதை என்று கொள்ளைக் கதைக்கு வேண்டியதெல்லாம் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

அவர் படத்துக்குப் படம் ஏற்று நடித்த பிராங்கோ பில்லி என்ற பாத்திரத்தைப் பற்றித்தான் உங்கள் உரையில் அதிக நேரம் பேச வேண்டும் என்பது என் விருப்பம். ஒரு படத்தில் சட்டத்துக்குத் தப்பி ஓடும் கொள்ளையன், அடுத்ததில் ஷெரீஃப், அதற்கடுத்ததில் பண்ணைக்காரன். ஒன்றில் செத்துப்போனாலும் அடுத்த படத்தில் மறுபடி குதிரையில் வருவான். கதைத் தொடர்ச்சியைப் பற்றி அவரும் கவலைப்படவில்லை, பார்த்தவர்களும் கேட்கவில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அந்த முகம். தப்பிக்க வழி இருந்தும், நோயுற்ற ஒருவரைக் காப்பாற்றத் திரும்பி வந்து அகப்பட்டுக்கொள்ளும் நல்ல மனம் படைத்த திருடன் என்ற வார்ப்பை அவர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். பின்னால் வந்த கௌபாய் நடிகர் வில்லியம் ஹார்ட் அதை இன்னும் ஆழமாக நடித்தார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாதையை முதலில் நடந்து தேய்த்தவர் ஆண்டர்சன். நடித்ததோடு கதை எழுதி, இயக்கி, தயாரிப்பையும் தாமே கவனித்தார் என்பதைக் கேட்போர் மறந்துவிடாதபடி சொல்லுங்கள்.

சார்லி சாப்ளினையும் ஓரிடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். வாரம் 1,250 டாலர் சம்பளத்தில் அவரை எஸ்ஸனேவுக்கு அழைத்து வந்தவர் ஆண்டர்சன். அவ்வளவு பணமா என்று ஸ்பூர் தயங்கினார். 1915இல் வந்த 'தி டிராம்ப்' நைல்ஸில்தான் எடுக்கப்பட்டது. ஆனால் சாப்ளின் ஓராண்டிலேயே விலகிவிட்டார். 1916இல் நைல்ஸ் ஸ்டூடியோ மூடப்பட்டது, ஆண்டர்சனும் தம் பங்கை ஸ்பூரிடம் விற்றுவிட்டு வெளியேறினார்.

அதற்குப் பிறகு நாடகத் தயாரிப்பு, பிறகு நகைச்சுவை நடிகர் ஸ்டேன் லாரலை வைத்துச் சில சிறு நகைச்சுவைப் படங்கள். அவற்றில் ஒன்றான 'எ லக்கி டாக்' படத்தில்தான் லாரலும் ஆலிவர் ஹார்டியும், புகழ்பெற்ற நகைச்சுவை இணையாக அறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, முதன்முதலாகச் சேர்ந்து தோன்றினார்கள். பின்னர் அவர் திரையுலகிலிருந்து முற்றிலும் ஒதுங்கினார்; திரையுலகமும் அவரை மறந்தது. 1958இல் திரைப்பட முன்னோடி என்று அவருக்குக் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. நைல்ஸை விட்டு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்த அந்த மரியாதை எனக்கு இன்றும் மனத்தை உறுத்துகிறது. 1971 ஜனவரியில், தொண்ணூறு வயதில் காலமானார். இன்று நைல்ஸில் மௌனப் படங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

உரையைப் பிறந்த ஆண்டிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் அந்தக் கொள்ளைப் படத்தைத் திரையிடுங்கள். 12 நிமிடம் போனாலும் பேசப் போதிய நேரம் மிஞ்சும். முடிந்ததும் பயணிகள் வரிசையாக நிற்கும் காட்சிக்குத் திரும்பிப் போய், அந்த ஒருவர் பிய்த்துக்கொண்டு ஓடத் தொடங்குகிற கணத்தில் நிறுத்தி, இவர்தான் ஆண்டர்சன் என்று காட்டிவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். உங்கள் கணவரை முன்வரிசையில் உட்கார வையுங்கள்.