ஆஷா அக்காவும் மலேரியா அட்டையும்: கேள்வி பதில்

ஒடிசாவின் கோராபுட் மலைக் கிராமங்களில் பல வருஷம் ஆஷாக்களுக்கு (அரசின் கிராமச் சுகாதார ஊழியப் பெண்களுக்கு) மலேரியாப் பயிற்சி கொடுத்தவன் நான். அதைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

செல்வி: ஆஷா நர்ஸ் இல்லையே, அவரை நம்பி எப்படி ரத்தம் எடுக்க விடுகிறார்கள்?

நர்ஸ் இல்லைதான். 2005-இல் வந்த ஊரகச் சுகாதாரத் திட்டத்தில் அந்தந்த ஊர்ப் பெண்களையே பொறுக்கி எடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து, மலேரியா பரிசோதனை அட்டையில் ஒரு துளி ரத்தம், பிறகு திரவம், 15–20 நிமிஷம் காத்திருப்பு, கிருமி இருந்தால் அதற்கான கோடு விழும், அவ்வளவுதான். முன்பு கண்ணாடிச் சில்லில் ரத்தம் எடுத்துக் கீழே ஆய்வகத்துக்கு அனுப்புவோம். முடிவு மலையேறி வர நாளாகும். மலேரியாக் கிருமியில் ஆபத்தான ஃபால்சிபாரம் வகை அதற்குள் மூளைக்கு ஏறிவிடலாம்.

ஒரு அக்கா அடுப்புப் புகையிலிருந்து தள்ளி வந்து, அட்டையை வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார். நான் அவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: மங்கலான கோடும் கோடுதான். படிக்கத் தெரியாதவர் வீட்டிலும் குழப்பம் வராமலிருக்க ஃபால்சிபாரத்துக்கான மாத்திரை அட்டைக்கு வயசுவாரியாக நிறம்: 1–4 மஞ்சள், 5–8 பச்சை, 9–14 சிவப்பு, அதற்கு மேல் வெள்ளை.

குமார்: நிலவேம்புக் கஷாயம் போதாதா?

போதாது.

மீனா: ஒடிசாவில் மலேரியா இறங்கியது கொசுவலையாலா, ஆஷாவாலா?

நல்ல கேள்வி. 2016-இல் சுமார் 4.4 லட்சம் பேருக்கு மலேரியா, 2018-இல் சுமார் 66 ஆயிரம். நடுவில் 2017-இல் இரண்டு காரியம் நடந்தது. மருந்து தோய்த்த வலை ஒரு கோடிக்கு மேல் கொடுத்தார்கள். எட்டாத ஊர்களுக்கென்று ‘தமன்’ முகாம்கள் தொடங்கின. அங்கே காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரே விரல் நீட்ட வேண்டும். கிருமியை உடம்பில் வைத்துக்கொண்டு ஏர் ஓட்டப் போகிறவர்கள் அந்த மலைகளில் ஏராளம். கொசு அவர்களிடமிருந்தும் கிருமியை எடுத்துக்கொள்ளும்.

இரண்டையும் பிரித்துக் கணக்குப் போட முடியாது. ஆனால் பயிர்க் காவலுக்குக் குடிசையில் படுப்பவன் வலையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவான். அவனைத் திட்டி எடுத்துப் போக வைத்தது ஆஷாதான்.

ஜோசப்: மருந்து சாப்பிட்டு இரண்டு வாரம் ஆகியும் அட்டையில் கோடு வருகிறதே?

ஃபால்சிபாரம் கோடா? கிருமி செத்தும் அதன் புரதம் ரத்தத்தில் சில வாரம் தங்கும். காய்ச்சல் திரும்பினால் மட்டும் சில்லு எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள்.

விமலா: பப்பாளி இலைச் சாறு...

அது டெங்குப் பேச்சு. இங்கே வேண்டாம்.

ராமநாதன்: சேவைக்கு எதற்குக் காசு? பாசிட்டிவ் என்று பொய் எழுத மாட்டார்களா?

ஒரு பரிசோதனைக்கு 15 ரூபாய். இதற்காகவா ஐயா ஓடை தாண்டிப் போவார்கள்?

ராமநாதன்: முழுச் சிகிச்சைக்குக் கூடுதலாமே. அதைக் கேட்டேன்.

75 ரூபாயாக இருந்து 200 ஆனது. மலேரியாவின் இன்னொரு வகையான வைவாக்ஸுக்கு பிரைமாகுவின் மாத்திரை 14 நாள் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாளே காய்ச்சல் நின்றுவிடும், நோயாளி மாத்திரையைக் கூரையில் செருகிவிடுவார். கிருமி கல்லீரலில் பதுங்கியிருந்து மறுபடி கிளம்பும். அதைத் தடுக்கத்தான் அத்தனை நடை. கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை கூடாது, அதையும் கேட்டுத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். பொய் எழுதுவார்களா என்கிறீர்கள். பழைய அட்டைகளை வாங்கிப் பார்ப்போம். நான் கண்ட பிழை நேர்மாறானது: மங்கலான கோட்டை ‘இல்லை’ என்று எழுதியது.

செல்வி: சம்பளமே கிடையாதா? அப்படியென்றால் ராமநாதன் சார் அந்த மலையை ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும்.

மாதச் சம்பளம் என்று எதுவும் இல்லை, ஊக்கத்தொகைதான். அதுவும் மாசக்கணக்கில் தங்கும். சார், வருகிறீர்களா? செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டு வாருங்கள்.

பாபு: ஆந்திர மலைப் பகுதியான அரக்கு போய் வந்த தம்பிக்குக் குளிர் காய்ச்சல். என்ன மாத்திரை?

மாத்திரை கேட்காதீர்கள். இப்போதே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். அரக்கு போனதை முதலில் சொல்லுங்கள்.

சுந்தர்: நிலவேம்பு பற்றி...

மேலே குமாருக்குச் சொன்னதுதான்.