ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்து இரண்டு மாதங்களாகியும் என் மகன் தனித்தே இருக்கிறான். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் அவன் தனக்கென ஓர் இடத்தைக் கண்டடைய என்ன செய்யலாம்?

இதே கேள்வியோடு மூன்றாண்டுகளுக்கு முன் நானும் பல இரவுகள் விழித்திருந்தேன். நாங்கள் ஊர் மாறியதால், நடுநிலைப் பள்ளித் தோழி ஒருத்திகூட இல்லாத ஒரு பெரிய உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த என் மகள், முதல் ஏழு வாரங்கள் மதிய உணவு இடைவேளையை நூலகத்திலேயே கழித்தாள். இப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறாள். அந்த ஓராண்டில் நாங்கள் கண்டதைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

ஒரே வகுப்பறையில், ஒரே பெஞ்சில், அதே தோழர்களோடு ஆண்டு முழுவதும் அமர்ந்து படித்த நமக்கு, ஆயிரக்கணக்கானோர் நடமாடும் கட்டடத்தில் ஒரு பிள்ளை எப்படித் தனித்துப்போகும் என்பது எளிதில் விளங்குவதில்லை. இங்கே ஆசிரியர் தம் அறையிலேயே இருக்க, மணி அடித்ததும் மாணவர்கள்தாம் அறை விட்டு அறை விரைகிறார்கள். ஆறு அல்லது ஏழு பீரியட்களிலும் முகங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. கணிதத்தில் பக்கத்து இருக்கையில் இருந்தவன் உயிரியலில் இருக்கமாட்டான். மதிய இடைவேளையை இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்திருக்கும் பள்ளிகளில், நடுநிலைப் பள்ளியிலிருந்து உடன் வந்த நண்பன் அதே கட்டடத்தில் இருந்தும் வேறு நேரத்தில் சாப்பிடுவான். ஆகவே உங்கள் மகனின் குணத்தில் குறை தேடாதீர்கள்; பாதிக் காரணம் அந்தக் கால அட்டவணையிலேயே இருக்கிறது.

கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பெரிய தெளிவைத் தந்தது. அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறத்தாழ 50 மணி நேரமும், நண்பர் என்று சொல்லத்தக்கவராவதற்கு 90 மணி நேரமும், நெருங்கிய நண்பராவதற்கு 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கணக்கிட்டார். அவர் ஆராய்ந்தது புதிய ஊருக்குக் குடிபெயர்ந்த பெரியவர்களையும் கல்லூரி முதலாண்டு மாணவர்களையும்தான் என்றாலும், பதினான்கு வயதுப் பிள்ளைகளிடமும் நான் கண்டது அதுவே. வேலையிலோ வகுப்பிலோ கட்டாயத்தின்பேரில் சேர்ந்திருக்கும் நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேர்வதில்லை என்பதும் அதில் தெரியவந்தது. பள்ளியில் நாள்தோறும் ஏழு மணி நேரம் இருந்தும் நட்பு உருவாகாததன் காரணம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

என் மகளுக்கு நடிப்பில் நாட்டமில்லை. ஆனால் இலையுதிர்கால நாடகத்துக்கு அரங்கப் பொருள்களைச் செய்து வண்ணம் பூச ஆள் வேண்டும் என்ற அறிவிப்பைக் கண்டு, எட்டாவது வாரத்தில் மேடைப் பணிக் குழுவில் சேர்ந்தாள். வாரத்தில் நான்கு நாள், வகுப்புகள் முடிந்தபின் இரண்டிரண்டு மணி நேரம். ஆறு வாரங்களில் 48 மணி நேரம் ஆகியிருந்தது. கைகள் வேலை செய்துகொண்டிருக்கும்போது பேச்சைத் தேடிப் பிடிக்க வேண்டியதில்லை என்பது கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அங்கேதான் பார்த்தேன். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒருநாள், "மதியம் எங்களோடு வந்து உட்கார்" என்று அழைத்ததோடு நூலக இடைவேளைகள் முடிந்தன.

உங்கள் மகனுக்கு அது ஓட்டமாக இருக்கலாம், இசைக்குழுவாக இருக்கலாம், ரோபோ செய்யும் குழுவாகவும் இருக்கலாம். பல பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி எனப்படும், புல்வெளிகளிலும் மண்பாதைகளிலும் ஓடும் நெடுந்தூர ஓட்டத்துக்குத் தேர்வு வைத்து யாரையும் கழிப்பதில்லை. முதல் வாரத்தில் ஐந்து மன்றங்களில் பெயர் கொடுத்து ஒவ்வொன்றிலும் மாதம் ஒருமுறை தலைகாட்டுவதைவிட, வாரத்தில் மூன்று நான்கு நாள் கூடும் ஒரே குழுவில் நிலைத்திருப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். "இன்று யாரோடு சாப்பிட்டாய்?" என்று மாலைதோறும் கேட்டேன். என் முகம் வாடுவதைப் பார்க்கப் பொறுக்காமல், அவள் இல்லாத தோழிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினாள். அது தெரிந்த அன்று நான் கேட்பதை நிறுத்தினேன். காரில் அவளாகப் பேசும்வரை மௌனமாக இருக்கப் பழகினேன்.

நட்பைப் பற்றிய கவலையில் படிப்பைக் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். சிகாகோ பொதுப் பள்ளிகளை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த அறிக்கையின்படி, ஒன்பதாம் வகுப்பின் முடிவில் ஐந்து முழு ஆண்டுப் பாடங்களுக்கான கிரெடிட்களை, அதாவது தேர்ச்சிப் புள்ளிகளைப் பெற்று, முக்கியப் பாடங்களில் ஒரு பருவத்துக்கு மேல் தோல்வியடையாத மாணவர்கள், மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக நான்கே ஆண்டுகளில் உயர்நிலைப் பள்ளியை முடித்துச் சான்றிதழ் பெற்று வெளியேறுகிறார்கள். தனிமையில் இருக்கும் பிள்ளை முதலில் கைவிடுவது பெரும்பாலும் வீட்டுப்பாடத்தையே. என் மகளுக்கு உயிரியலில் மதிப்பெண் சரிந்தபோது, பள்ளி முடிந்தபின் ஆசிரியரிடம் போய்ச் சந்தேகம் கேட்கச் சொன்னோம். அந்தப் பெரிய கட்டடத்தில் அவளுடைய பெயரை முதலில் நினைவில் வைத்துக்கொண்டவர் அந்த ஆசிரியர்தாம்.

உங்கள் மகன் உறக்கமோ உணவோ குறைந்து, காலையில் பள்ளிக்குப் போகவே மறுக்கிறான் என்றால், காத்திராமல் பள்ளியின் கவுன்சிலருக்கு (மாணவர்களுக்கு ஆலோசனை சொல்பவர்) அன்றே எழுதுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், இலையுதிர்காலக் குழுக்களில் சேரும் நாள் கடந்துவிட்டதே என்று வருந்தவும் வேண்டாம். வசந்தகாலத் தடகளத்துக்குக் குளிர்காலத்தின் முடிவில் பெயர் கொடுக்கலாம். வசந்தகாலத்தில் நாடகம் போடும் பள்ளிகளில் மேடைக்கு மறுபடியும் வண்ணம் பூச ஆள் தேடுவார்கள்.