சீனப் பட்டுப் பட்டம்: துணியை விட மூங்கிலைக் கவனித்து வாங்குங்கள்

கேள்வி: சீனப் பாரம்பரியப் பட்டுப் பட்டம் ஒன்றை வீட்டிலேயே செய்ய விரும்புகிறேன். ‘அசல் பட்டு’ என்று இணையத்தில் விற்கப்படும் கிட் வாங்கலாமா, பொருள்களைத் தனித்தனியாக வாங்குவது நல்லதா?

பதில்: முதல் பட்டத்திற்குத் தனித்தனியாக வாங்குவதையே பரிந்துரைக்கிறேன். 1984 முதல் பன்னாட்டுப் பட்ட விழா நடந்துவரும் ஷான்டோங் மாகாணத்து வெய்ஃபாங் நகரத்தின் பெயர் பல கிட்டுகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பெயர் மட்டுமே உள்ளிருக்கும் துணி பட்டு என்பதற்குச் சான்றாகாது. பட்டு என்ற பெயரில் பாலியெஸ்டர் வருவது சாதாரணம்.

துணியில் நெடுக்கிலிருந்து ஓர் இழையும் குறுக்கிலிருந்து ஓர் இழையும் உருவி, உலோகத் தட்டின் மேல் தனித்தனியாகக் கொளுத்திப் பாருங்கள். பட்டு இழை முடி கருகும் வாசனையோடு எரிந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும் சாம்பலாகிவிடும்; பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். ஒரு திசையில் மட்டும் செயற்கை இழை கலப்பதும் உண்டு என்பதால்தான் இரண்டையும் சோதிக்கச் சொல்கிறேன்.

அசல் பட்டாக இருந்தாலும் எடை முக்கியம். மெல்லிய பட்டின் எடையை ‘மோம்மி’ என்ற அளவில் குறிப்பார்கள். 1 மோம்மி என்பது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4.34 கிராம். நெருக்கமாக நெய்த 5 மோம்மி ‘ஹபுடாய்’ என்னும் மென்பட்டு, அதாவது சதுர மீட்டருக்கு 22 கிராம் அளவுள்ளது, பட்டத்திற்குப் பொருந்தும். வீட்டிலிருக்கும் பழைய பட்டுப்புடவையை வெட்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்; அது இதைவிடப் பல மடங்கு கனமானது.

இனி மூங்கில். பணத்தைத் துணியில் கொட்டிவிட்டு மூங்கிலில் மிச்சம் பிடிப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு, ஏனெனில் பட்டம் நேராக ஏறுவதும் ஒரு பக்கம் சரிவதும் மூங்கில் சட்டத்தைப் பொறுத்தே அமைகின்றன. பெய்ஜிங்கின் ‘ஷாயான்’ என்னும் தகைவிலான் குருவிப் பட்டத்தின் சட்டம் ஐந்தே பிளாச்சுகளால் (பிளந்து சீவிய மூங்கில் கீற்றுகளால்) ஆனது: தலைக்கு ஒன்று, சிறகுக்கு மேலும் கீழுமாக இரண்டு, கால்களுக்கு இரண்டு. இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டிய பகுதிகளுக்கு, கணுக்கள் ஒரே இடத்தில் அமையும்படி, ஒரே பிளாச்சை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பயன்படுத்துவது கைவினைஞர் வழக்கம். கிட்டில் வரும் சீவிய குச்சிகளில் இந்தப் பொருத்தத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே முற்றிய மூங்கிலாகக் கேட்டு வாங்கி நீங்களே பிளந்து, வலிமை மிகுந்த வெளித்தோலை விட்டுவிட்டு உட்பக்கத்தை மட்டும் சீவுங்கள். மெழுகுவத்திச் சுடருக்கு மேல் மெதுவாகச் சூடாக்கி வளைத்து, ஆறும்வரை பிடித்திருந்தால் வளைவு நிலைத்துவிடும். கட்டி முடித்த சட்டத்தின் நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தாழும் பக்கத்தைச் சிறிது சிறிதாகச் சீவிச் சமன் செய்த பிறகே துணி ஒட்டுங்கள்.

பட்டத்தின் மேல் படம் தீட்டுவதானால், நீர்வண்ணம் பட்டில் பரவிக் கசியும். படிகாரமும் வச்சிரப் பசையும் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் பசை) கலந்த நீரை முதலில் பூசிக் காயவிடுவது சீன ஓவியர்களின் முறை. இரண்டும் விலை குறைந்தவை. பட்டத்தின் சட்டத்தைப் பறக்கவிடும் நூலோடு இணைக்கும் சூத்திரக் கயிற்றுக்குப் பருத்தி நூலே போதும்.

கேள்வி: ‘100% பட்டு’ என்று விற்கப்பட்ட துணியின் இழை, கொளுத்தியதும் மணியாகத் திரண்டுவிட்டது. என்ன செய்யலாம்?

பதில்: மீதித் துணியை வெட்டாமல் வையுங்கள். விற்பனைப் பக்கத்தின் படத்தையும் ரசீதையும் சேர்த்து விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்திற்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்திற்குள் தீர்வு காண வேண்டும். பலனில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் தீர்வு கிடைக்காவிட்டால், இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம்.