கேரம் போர்டைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது, என்ன செய்ய?

கேள்வி: வயது 29. அம்பத்தூரில் ஷிஃப்ட் வேலை. ஐந்து வருடமாக எங்கள் ஏரியா கிளப்பில் கேரம் ஆடுகிறேன். வேலை முடிந்து தினமும் இரண்டு மூன்று மணி நேரம், ஞாயிறு என்றால் எங்காவது டோர்னமென்ட். நாலைந்து மாதமாக போர்டு முன்னால் உட்காரவே பிடிக்கவில்லை. குழி வாயில் நிற்கிற காயைக்கூட விடுகிறேன். ஜெயித்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. இன்னும் இரண்டரை மாதத்தில் மாவட்ட அணித் தேர்வு. மொத்தமாக நிறுத்திவிடவா, இல்லை பிராக்டிஸைக் கூட்டவா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

"ஜெயித்தாலும் ஒன்றும் தோன்றவில்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஃபார்ம் போனவன் தோற்றால் வெந்துபோவான், ஜெயித்தால் குதிப்பான். வெறும் உடம்பு அலுப்பு என்றால் இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். உங்களுக்கு வந்திருப்பது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் 'பர்ன் அவுட்' என்பதை நோய் என்று சொல்லாமல் வேலையிடம் சார்ந்த ஒரு நிலை என்று வகைப்படுத்தியது: தீராத களைப்பு, செய்கிற வேலை மேல் வெறுப்பு, நம்மால் ஆகவில்லை என்ற எண்ணம், மூன்றும் சேர்ந்தது. அந்த வரையறைப்படி பார்த்தால் பொழுதுபோக்குக்கு அந்தப் பெயர் பொருந்தாது. ஆனால் மூன்றும் உங்கள் கடிதத்தில் இருக்கிறதே! கேரமை நீங்கள் இரண்டாவது ஷிஃப்டாக்கி வைத்திருக்கிறீர்கள்.

ஒன்று யோசித்துப் பாருங்கள். போன வாரம் ஆடியதில், யார் ஜெயித்தார் என்று யாருமே எண்ணாத போர்டு, அதாவது சுற்று, எத்தனை? அநேகமாக ஒன்றுகூட இருக்காது. கிளப்பில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆடுவதும் 25 பாயின்ட் கேம், தோற்றவன் டீ வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் அதே 25. மனசுக்கு பிராக்டிஸ் எது, மேட்ச் எது என்று தெரியாமல் வாரம் ஏழு நாளும் விறைப்பாகவே இருக்கிறது. மணி நேரம் அதிகமாகிவிட்டது என்பதை நான் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன், எல்லா மணி நேரமும் பாயின்ட் கணக்கில் போனதுதான் கோளாறு.

அப்புறம் நம்ம ஊர்க் காற்று. சென்னையில் ஸ்ட்ரைக்கரைத் தொட்டவனுக்கெல்லாம் 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் பெயர் தெரியும், 2024-ல் வடசென்னைப் பெண் காசிமா அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்ததையும் பார்த்தோம். பெருமைதான். ஆனால் தேசிய அளவில் ஆடுகிறவர்களில் நிறையப் பேர் பொதுத்துறை நிறுவனங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலையில் இருப்பவர்கள், அவர்களுக்குப் போட்டிக்குப் போவதும் வேலையின் ஒரு பகுதி. நீங்களோ எட்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து வந்து ஆடுகிறீர்கள். அவர்களோடு உங்களை நிறுத்திப் பார்ப்பது நியாயமே இல்லை.

நிறுத்துவது ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், நான் செய்து பார்த்தவன். ஒரு டோர்னமென்டில் ரெட் காயைப் போட்டுவிட்டு, அதைத் தக்கவைக்க அடுத்து ஃபாலோவாகப் போட வேண்டிய வெள்ளை குழியிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் இருந்தது, அதை விட்டேன். ரெட் திரும்ப நடுவுக்குப் போனது. வீட்டுக்கு வந்து போர்டை பீரோவுக்குப் பின்னால் தள்ளியவன் நாலு மாதம் எடுக்கவில்லை. எரிச்சல் மூன்று வாரத்திலேயே போய்விட்டது, ஆனால் வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது, திரும்பப் போகிற நாள் தள்ளிக்கொண்டே போனது. போனபோது விரலில் கைப்பழக்கம் இல்லை, நடுவில் கிடக்கிற காய்க்கு எவ்வளவு வேகம் என்பதே மறந்திருந்தது.

அதனால் பத்து நாள் மட்டும் லீவு. தேதி போட்டு, கிளப்பில் சொல்லிவிட்டு எடுங்கள், ஸ்கோர் வருகிற வாட்ஸ்அப் குரூப்பையும் மியூட்டில் போடுங்கள். அந்தப் பத்து நாளில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள், நைட் ஷிஃப்ட் முடித்த அன்று நேராகப் போர்டுக்குப் போகிற பழக்கத்தை அதோடு விட்டுவிடுங்கள்.

திரும்பி வரும்போது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒரு மணி நேரம். முதல் நாள் தனியாக, எண்ணாமல். ஸ்ட்ரைக்கர் வைக்கிற பேஸ் லைனுக்குக் கீழே, உங்கள் பக்கம் கிடக்கிற காய்களை மட்டும் வைத்து பேக் ஷாட், கட்டைவிரலால் தம்ப் ஷாட் அடித்துப் பாருங்கள், சலித்தால் இடது கையால் அடியுங்கள், சிரிப்பு வரும். இரண்டாவது நாள் யாராவது பொடியனைக் கூட்டிவந்து எதிரே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். (பத்து வயதுப் பையன் ரீபவுண்டில், அதாவது ஓரக் கட்டையில் மோதித் திருப்பி, காய் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பான் பாருங்கள், அந்த முகம் உங்களுக்கும் ஒரு காலத்தில் இருந்தது.) மூன்றாவது நாள் மட்டும் 25 பாயின்ட். டோர்னமென்ட் மாதத்துக்கு ஒன்று போதும். கூப்பிடுகிறவர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள்.

மறுபடி அந்த நிலைக்குப் போகிறோமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. விதிப்படி ஒரு அடிக்கு 15 விநாடி இருக்கிறது. மனசு அலுத்தவன் அதை எடுத்துக்கொள்ளவே மாட்டான், ஸ்ட்ரைக்கரை வைத்த கையோடு அடித்துவிடுவான், அடுத்த காய்க்கு ஸ்ட்ரைக்கர் எங்கே வந்து நிற்கும் என்று பார்க்க மாட்டான். எவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டு எழலாம் என்று அவன் கை சொல்கிறது. நண்பர் யாரிடமாவது போனில் ஒரு போர்டைப் படம் பிடிக்கச் சொல்லி, வீட்டில் போய்ப் பாருங்கள். மூன்று விநாடிக்குள் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றால் அந்த வாரம் மேட்ச் வேண்டாம்.

கேரம் மட்டுமில்லாமல் சாப்பாடு, சினிமா, ஆட்கள் எதுவுமே பிடிக்கவில்லை, இரண்டு வாரத்துக்கு மேலாக அப்படியே இருக்கிறது என்றால் விஷயம் போர்டில் இல்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

தேர்வுக்குப் பெயர் கொடுங்கள். கிடைத்தால் சரி, இல்லாவிட்டால் அடுத்த வருடமும் வைப்பார்கள். லீவு முடிந்து டப்பாவைத் திறக்கும்போது பவுடர் மழை ஈரத்தில் கட்டி பிடித்திருக்கும், துணியில் சலித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் ஸ்ட்ரைக்கர் இழுக்கும், நீங்கள் கையைத்தான் சந்தேகப்படுவீர்கள்.