இவானும் ஜானும் ஒருவரா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜான், ஜுவான், இவான், ஹான்ஸ் எல்லாம் ஒரே பெயர்தான் என்கிறார் என் நண்பர். நம்பலாமா?

பதில்: தாராளமாக. உங்கள் நண்பர் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். விவிலியத்தில் வரும் யோவான்தான் எல்லாவற்றுக்கும் மூலம். எபிரேயப் பெயர், ‘கடவுள் அருளினார்’ என்று பொருள். கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போய், அங்கிருந்து கிறிஸ்தவம் பரவிய இடமெல்லாம் கூடவே பரவியது. பிரான்ஸில் ழான், இத்தாலியில் ஜொவான்னி, போலந்தில் யான், அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயன். ஜெர்மனிக்காரர்கள் யோஹான்னெஸ் என்பதன் முன்பாதியை விட்டுவிட்டு ஹான்ஸ் ஆக்கிக்கொண்டார்கள்.

கால்பந்து பார்க்க உட்கார்ந்தால் எனக்குக் கண் பந்தில் நிற்காது, ஆட்டக்காரர்களின் சட்டை முதுகில்தான் நிற்கும். ஜோன்ஸ், ஜான்சன், டென்மார்க்கின் யென்சன், சுவீடனின் யோஹான்சன், செர்பியாவின் இவானோவிச்... அத்தனை பேரும் ‘யோவானின் மகன்’தான்! எதிரெதிர் அணியில் முட்டிக்கொள்கிறவர்களுக்கு எப்போதோ இருந்த பாட்டன்களின் பெயர் ஒன்று என்பதில் எனக்குத் தீராத சந்தோஷம்.

கேள்வி: வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் ஆகியவைதானே அசல் இங்கிலாந்துப் பெயர்கள்?

பதில்: மூன்றுமே அங்கே வேர்பிடித்தது 1066-க்குப் பிறகுதான். அந்த ஆண்டு வடக்கு பிரான்ஸில் உள்ள நார்மண்டியின் கோமகன் வில்லியம், ஹேஸ்டிங்ஸ் போரில் வென்று இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அதற்கு முன் எதெல்ரெட், லியோஃப்ரிக், காட்வின் என்று பெயர் வைத்துக்கொண்டிருந்த மக்கள், ஆள வந்தவர்களின் பெயர்களுக்கு மாறினார்கள். சில தலைமுறைகளில் உழவர் வீட்டிலும் வில்லியம்தான். பெயரின் அர்த்தம் பார்த்தா வைத்தார்கள்? யாருடைய பெயர் என்று பார்த்து வைத்தார்கள். ஐரோப்பியப் பெயர்களின் கதையில் பெரும்பகுதி இதுதான் என்பேன்.

பழைய பெயர்களில் தப்பிப் பிழைத்தவற்றுள் முக்கியமானது எட்வர்ட். மூன்றாம் ஹென்றி மன்னருக்கு, 1066-க்கு முன் இங்கிலாந்தை ஆண்ட புனித எட்வர்ட் மேல் அப்படியொரு பக்தி. 1239-ல் பிறந்த மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தார். எதெல்ரெட்டுக்கு அப்படி யாரும் வாய்க்கவில்லை. ‘மேன்மையான அறிவுரை’ என்று பொருள் தரும் பெயர் வழக்கொழிந்து போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

கேள்வி: ஆஸ்கர் என்பது சுவீடன் நாட்டுப் பெயரா?

பதில்: இல்லை, அயர்லாந்துப் பழங்கதை வீரன் ஒருவனின் பெயர். 1760-களில் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மக்ஃபெர்சன் ஓசியன் என்ற பழங்காலக் கவிஞர் பாடியவை என்று சொல்லி வெளியிட்ட கவிதைகளில் அவன் வருவான். அந்தக் கவிதைகள் என்றால் நெப்போலியனுக்கு உயிர். அவரது தளபதி பெர்னாடோட்டுக்கு 1799-ல் மகன் பிறந்தபோது ஆஸ்கர் என்ற பெயரைச் சொன்னவர் நெப்போலியன்தான் என்பார்கள். குழந்தையின் தாய் தெசிரே, ஒரு காலத்தில் நெப்போலியனுக்கே நிச்சயிக்கப்பட்டிருந்தவர்! அப்புறம் 1810-ல் பெர்னாடோட் சுவீடனின் பட்டத்து வாரிசாகத் தேர்வானார். 1844-ல் மகன் முதலாம் ஆஸ்கராக முடிசூடினார். அதன் பிறகு சுவீடனில் அந்தப் பெயருக்கு என்ன குறை?

கேள்வி: பிரான்ஸில் பிள்ளைக்கு இஷ்டப்பட்ட பெயரை வைக்க முடியாதாமே?

பதில்: முன்பு அப்படித்தான் இருந்தது. நாட்காட்டியில் உள்ள பெயர்கள், பண்டைய வரலாற்றில் வரும் பெயர்கள், இவற்றில் ஒன்றைத்தான் வைக்க வேண்டும் என்றது 1803-ஆம் ஆண்டுச் சட்டம். பிறகு மெல்ல மெல்லத் தளர்ந்து, 1993-ல்தான் பெற்றோருக்கு முழு உரிமை கிடைத்தது. இப்போதும் குழந்தைக்குக் கேடு வரும் என்று தோன்றும் பெயரைப் பதிவாளர் மேலே அனுப்பலாம், நீதிபதி நீக்கலாம்.

1990-களின் தொடக்கத்தில் அங்கே கொடிகட்டிப் பறந்த பெயர் கெவின். பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அது ‘படிக்காத வீட்டுப் பெயர்’ என்று முத்திரை குத்தப்பட்டு, கேலிக்கு ஆளானது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அயர்லாந்தில் கிளென்டலாக் மடத்தை நிறுவிய துறவியின் பெயர் அது. அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயருக்காக ஒரு பையனை மட்டம் தட்டுவது என்ன நியாயம்?

கேள்வி: இப்போது இங்கிலாந்தில் ஆண் குழந்தைகளுக்கு அதிகம் வைக்கும் பெயர் எது?

பதில்: இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த பட்டியலில் 2023-ல் முகம்மது முதலிடம். எழுத்துக்கூட்டல் மாறினால் அங்கே தனிப் பெயராகவே எண்ணுவார்கள். Muhammad என்ற ஒரே ஒரு எழுத்துக்கூட்டல் மட்டுமே முதலிடம் பிடித்திருக்கிறது. அதற்கு முந்தைய 2 ஆண்டுகளும் முதலிடத்தில் இருந்த நோவா, அந்த ஆண்டு இரண்டாவது.