அந்தச் சங்கிலி எங்கே, தம்பி?

கேள்வி: எனக்கு 27 வயது, கிளிநொச்சிப் பக்கம். நண்பர்களோடு சேர்ந்து எங்கள் வாசிகசாலையில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு உலக சினிமா போடுகிறோம். அக்காவின் சங்கிலியை அடகு வைத்துத்தான் புரொஜெக்டர் வாங்கினேன். முதல் மாதம் கதிரை காணாது. போன மாதம் 'பைசிக்கிள் தீவ்ஸ்' போட்டோம், இங்கிலீஷ் சப்டைட்டிலோடு நல்ல பிரதி. முடிவில் மிஞ்சியது ஏழு பேர், அதில் நாலு பேர் நாங்களே. அக்காகூட கார்மெண்ட்ஸால் வந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தருவாவே தவிர, உள்ளே வந்து பார்த்ததில்லை. எங்கள் சனத்துக்கு மசாலாப் படமும் சீரியலும் போதும். ரசனை உள்ளவர்கள் இருக்கிற யாழ்ப்பாணத்துக்கே போய்விடலாமா?

பதில்: சனத்துக்கு ரசனை இல்லை என்ற முறைப்பாடு எனக்குப் புதிதில்லை தம்பி. நாடகம் போடுகிறவர், கவியரங்கு வைக்கிறவர், புத்தக வெளியீடு செய்கிறவர் எல்லோரும் எழுதி முடித்துவிட்டார்கள். அது கிடக்கட்டும். அந்தச் சங்கிலி இப்போது எங்கே?

அடகு வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர். மீட்டேன் என்று கடிதத்தில் ஒரு சொல் இல்லை. எத்தனை பவுண், தவணை எப்போது, வட்டி யார் கட்டுவது, ஒன்றும் இல்லை. அக்காதான் கட்டுகிறா என்று நினைக்கிறேன். நீர் கட்டியிருந்தால் அதற்கென்று ஒரு பந்தி எழுதியிருப்பீர்.

நீர் போட்ட படத்துக்கே வருவோம். 1948இல் டி சிக்கா எடுத்தது. போர் முடிந்த ரோம் நகரம், வேலைக்கு அலைகிற காலம். கதாநாயகன் ரிச்சிக்குச் சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும், அதுவோ அடகில். அவன் செய்வதறியாது நிற்க, மனைவி மரியா கட்டிலில் கிடந்த விரிப்புகளை உருவி எடுக்கிறாள். சீதனமாக வந்த விரிப்புகள். அடகு பிடிக்கிற இடத்தில் ஒருவன் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு தட்டுத் தட்டாக ஏறுகிறான். உச்சிவரைக்கும் ஊரார் வீட்டு விரிப்புகள் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடக்கின்றன. இதை அக்காவின் சங்கிலியால் வாங்கிய புரொஜெக்டரில் பார்த்துவிட்டு, அக்கா ஊற்றிய தேத்தண்ணியையும் வாங்கிக் குடித்துவிட்டு, சனத்துக்கு ரசனை இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர். உமக்கு ஒன்றும் உறைக்கவில்லையா? (மரியாவும் பிறகு படத்தில் ஆளைக் காணாது, தேடித் திரிவது அப்பனும் மகனும்தான். அந்த வழக்கை நான் டி சிக்காவோடு தனியாகப் பேசிக்கொள்வேன்.)

அக்கா ஏன் உள்ளே வருவதில்லை என்று கேட்டீரா? கேட்டிருக்கமாட்டீர். படம் இத்தாலி மொழி, கீழே ஓடுவது இங்கிலீஷ். பகல் முழுக்க தையல் மெஷினில் குனிந்திருந்துவிட்டு வருகிற பெண், இரண்டும் விளங்காமல் எதற்கு இருட்டில் குந்தியிருக்க வேண்டும்? ஒன்பது மணிக்குப் படம் விட்டால், தெரு லைட் இல்லாத ஒழுங்கைகளால் மற்றப் பெண்கள் யாரோடு வீட்டுக்குப் போவார்கள்? அந்தப் படத்தில் ரிச்சியாக வந்தவரே ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. அந்தக் கதையை உம்மைவிட உம்முடைய அக்காவுக்கு நன்றாக விளங்கும்.

குடும்பத்துக்குக் கடன்பட்டவன் அதைத் தீர்த்த பிறகுதான் கலைக்கும் ஊருக்கும் தொண்டு செய்ய வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். பழைய புத்தி என்று சொல்லுவீர், சொல்லும். முதலில் அடகுச் சீட்டை எடுத்துத் தவணைத் திகதியைப் பாரும், ஏலத்துக்குப் போனபிறகு அழுது பிரயோசனமில்லை. புரொஜெக்டரை வாடகைக்கு விடும். கலியாணம், சாமத்திய வீடு, பாடசாலை விழா என்று கேட்டு வருவார்கள். உலக சினிமா காட்டுகிற கருவியில் சாமத்திய வீட்டு வீடியோவா என்று முகத்தைச் சுழிக்க வேண்டாம். அந்தக் காசு அப்படியே அடகுக்குப் போகட்டும்.

சப்டைட்டில் பெரிய வித்தையில்லை. அது சாதாரண எழுத்துக் கோப்பு: ஒரு எண், வசனம் தொடங்கி முடிகிற நேரம், அதன்கீழ் வசனம். நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் தமிழாக்கி யுடிஎஃப்-8 என்கிற எழுத்துக் குறியீட்டில் சேமித்தால், கம்பியூட்டரில் படம் ஓட்டுகிற விஎல்சி மென்பொருளில் ஓடும். நாலு பேர் இருக்கிறீர்கள், ஆளுக்குக் கால்வாசியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். காட்சியை ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு மாற்றி, யன்னல்களுக்குத் தறப்பாள் கட்டுங்கள். தேத்தண்ணியை நீர் ஊற்றும்.

யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேச சினிமா விழா வைக்கிறார்கள். அது வருகிறபோது அக்காவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாரும், பஸ் காசு உம்முடையது. அங்கேயே குடிபோகிற கதையைச் சங்கிலியை மீட்டு அக்காவின் கையில் கொடுத்த பிறகு எழுதும். அதற்கு முன்னம் எழுதினால் பதில் போடமாட்டேன்.